கெர்னல் பாதுகாப்பு வசதியை பூட் நேரத்தில் அணைப்பதும் இயக்குவதும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் பல பாதுகாப்பு வசதிகளை பூட் ஆகும்போதே ஒரு சொல் (பூட் ஆப்ஷன்) கொடுத்து அணைக்கலாம், இயக்கலாம், அல்லது 'பதிவு மட்டும் செய், தடுக்காதே' என்ற நிலையில் வைக்கலாம். எந்தப் புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர், ரூட் பயனர்கூட கெர்னலை மாற்றாமல் தடுக்கும் லாக்டவுன், மாட்யூல் கையொப்பச் சோதனை, சிபியு ஓட்டைகளுக்கான தடுப்புகள் எல்லாமே இந்த வகையில் வரும். அந்தச் சொல் வேலை செய்யாமல் போவதும், வேலை செய்துவிட்டு வேறொன்றைக் கெடுப்பதும் எல்லா மெஷினிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கின்றன. உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காரணங்களை எளிதானதிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

மூன்று விஷயங்களைப் பார்த்து எங்காவது எழுதி வையுங்கள்.

'யூநேம் -ஆர்' கொடுத்தால் இப்போது ஓடும் கெர்னல் எது என்று தெரியும். 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' கொடுத்தால் இந்த பூட்டில் கெர்னலுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த ஆப்ஷன்கள் வரும். 'கேட் /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/எல்எஸ்எம்' கொடுத்தால் எந்தெந்தப் பாதுகாப்பு மாட்யூல்கள் (எல்எஸ்எம்) உயிரோடு இருக்கின்றன என்ற பட்டியல் கிடைக்கும்.

இந்த மூன்றையும் பார்க்காமல், கெர்னலை ஏற்றும் பூட்லோடரின் கோப்பைத் திருத்தத் தொடங்குபவர்கள்தான் அதிக நேரத்தை இழக்கிறார்கள். கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமே இல்லை, '/ப்ராக்/சிஎம்டிலைன்' என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

இன்னொன்று. எந்த ஆப்ஷனையும் முதலில் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். பரவலான பூட்லோடரான கிரப்பின் மெனுவில் 'இ' விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஆப்ஷனைச் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அல்லது எஃப்10 தட்டினால் போதும். தப்பாகப் போனால் அடுத்த ரீபூட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த வழி கையில் இருக்கும்போது நேராகப் போய் நிரந்தரமாக எழுதுவதற்கு எந்த அவசியமும் கிடையாது.

## அறிகுறி: ஆப்ஷன் கொடுத்தேன், எதுவும் மாறவில்லை

### '/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பில் ஆப்ஷன் இல்லை

அப்படியென்றால் அது கெர்னலுக்கே போகவில்லை. சிக்கல் பூட்லோடர் பக்கம்.

முதல் சந்தேகம்: போன முறை மெனுவில் தட்டியது அந்த ஒரு பூட்டோடு போய்விட்டது. இது மிகச் சாதாரணம்.

இரண்டாவது: '/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பைத் திருத்திவிட்டு, அதிலிருந்து உண்மையான கிரப் அமைப்பை உருவாக்கும் கட்டளையை ஓட்டவில்லை. டெபியன், உபுண்டுவில் அது 'அப்டேட்-கிரப்'. ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் ஒவ்வொரு கெர்னலுக்கும் '/பூட்/லோடர்/என்ட்ரீஸ்' அடைவில் தனிக் கோப்பு இருக்கிறது. அங்கே 'கிரப்பி' கட்டளையைப் பயன்படுத்துவதுதான் நம்பகமானது: 'கிரப்பி --அப்டேட்-கெர்னல்=ஆல் --ஆர்க்ஸ்="என்ஃபோர்சிங்=0"'. எடுத்துவிட 'ஆர்க்ஸ்' என்ற இடத்தில் 'ரிமூவ்-ஆர்க்ஸ்'. சரியாக ஏறியதா என்று 'கிரப்பி --இன்ஃபோ=ஆல்' சொல்லும்.

மூன்றாவது: ஒரு கெர்னலுக்கு ஆப்ஷனைக் கொடுத்துவிட்டு வேறொரு கெர்னலில் பூட் ஆகியிருக்கிறீர்கள். முதலில் எழுதி வைத்த 'யூநேம் -ஆர்' விடையோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

நான்காவது கொஞ்சம் கனமானது. கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை), ஆப்ஷன் வரி மூன்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கையொப்பமிட்ட அமைப்பில் பூட் ஆகிறதா என்று பாருங்கள். சரியான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது, அந்தக் கோப்புக்குள் ஆப்ஷன் வரி பதிந்திருந்தால் வெளியிலிருந்து தட்டுவதை அது காதில் வாங்காது. அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. '/ஈடிசி/கெர்னல்/சிஎம்டிலைன்' போன்ற மூலக் கோப்பைத் திருத்தி, மறுபடி கட்டி, மறுபடி கையொப்பமிட வேண்டும். கிரப்புக்குப் பதிலாக சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடரைப் பயன்படுத்துபவர்களுக்கு 'இ' விசையே வேலை செய்யவில்லை என்றால் 'லோடர்.கான்ஃப்' கோப்பில் 'எடிட்டர் நோ' என்ற வரி இருக்கும்.

வாடகை சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது முழு மெய்நிகர் மெஷினா, வெறும் கன்டெய்னரா? கன்டெய்னராக இருந்தால் கெர்னல் உங்களுடையதே அல்ல. அதற்கு பூட் ஆப்ஷன் கொடுக்க உங்களால் முடியாது. சேவை தருபவரிடம்தான் கேட்க வேண்டும்.

### ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் பலன் இல்லை

எழுத்துப்பிழையை முதலில் பாருங்கள். கெர்னல் 5.14 முதல் இதற்கு நல்ல உதவி உண்டு: கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' லாகில் 'அன்னோன் கெர்னல் கமாண்ட் லைன் பாராமீட்டர்ஸ்' என்று தேடுங்கள். கெர்னலுக்குப் புரியாத சொற்களை அந்த வரியில் அதுவே பட்டியலிடும். உங்கள் ஆப்ஷன் அங்கே இருந்தால் ஒன்று தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள், இல்லையென்றால் அந்த வசதி இந்தக் கெர்னலில் கட்டப்படவே இல்லை.

அடுத்தது இரண்டு ஆப்ஷன்களின் மோதல். 'செக்யூரிட்டி=' என்பது பழைய முறை. 'எல்எஸ்எம்=' என்பது கெர்னல் 5.1 முதல் வந்த புதிய முறை. இரண்டையும் ஒரே வரியில் கொடுத்தால் பழையது கண்டுகொள்ளப்படாது. எப்போதோ யாரோ எழுதிய 'எல்எஸ்எம்=' வரி அமைதியாக உட்கார்ந்திருக்க, நீங்கள் 'செக்யூரிட்டி=' கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது.

எஸ்இலினக்ஸ் விஷயத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். '/ஈடிசி/எஸ்இலினக்ஸ்/கான்ஃபிக்' கோப்பில் 'டிசேபிள்டு' என்று எழுதினால் அணைந்துவிடும் என்று பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும். கெர்னல் ஓடத் தொடங்கியபின் எஸ்இலினக்ஸைக் கழற்றும் அந்த வசதியை கெர்னல் 6.4 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஃபெடோரா 34, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஆகியவை அதற்கு முன்பே கைவிட்டன. இப்போது அந்தக் கோப்பில் 'டிசேபிள்டு' என்று எழுதினால், பாலிசி (எஸ்இலினக்ஸின் விதித்தொகுப்பு) எதுவும் ஏறாமல் எஸ்இலினக்ஸ் வெறுமனே கெர்னலுக்குள் இருக்கும். முழுக்க அணைக்க பூட் ஆப்ஷனான 'எஸ்இலினக்ஸ்=0' ஒன்றுதான் வழி.

அதுவும் பலிக்கவில்லையா? '/பூட்' அடைவில் உங்கள் கெர்னல் பதிப்பின் பெயரோடு இருக்கும் 'கான்ஃபிக்' கோப்பில் 'செக்யூரிட்டி_எஸ்இலினக்ஸ்_பூட்பாராம்' என்ற வரியைத் தேடுங்கள். அது 'ஒய்' ஆக இல்லாவிட்டால் இந்தக் கெர்னலில் அப்படியொரு சுவிட்சே கிடையாது. 'என்ஃபோர்சிங்=0' வேலை செய்ய 'செக்யூரிட்டி_எஸ்இலினக்ஸ்_டெவலப்' என்பது 'ஒய்' ஆக இருக்க வேண்டும்.

நிறுத்த வேண்டிய இடம்: நிறுவனம் கொடுத்த மெஷின், கையொப்பமிட்ட ஒற்றைக் கோப்பு, சுவிட்ச் இல்லாமல் கட்டிய கெர்னல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் அது யாரோ யோசித்து எடுத்த முடிவு. சுற்று வழி தேட வேண்டாம். அதை நிர்வகிப்பவரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

## அறிகுறி: மாற்றத்துக்குப் பிறகு பூட் பாதியில் நிற்கிறது

பதற வேண்டாம். இந்த நிலையில் தரவு எதுவும் அழிந்திருக்காது, கதவு பூட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

### மெனுவே வரவில்லை

பழைய பயாஸ் மெஷினில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யூஇஎஃப்ஐ மெஷினில் உற்பத்தியாளர் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். அடுத்தடுத்துத் தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப்பின் கட்டளை வரிக்குள் போய்விடுவீர்கள். அப்படிப் போய்விட்டால் 'நார்மல்' என்று தட்டி என்டர் அடித்துவிட்டு, உடனே எஸ்கேப்பை ஒருமுறை அழுத்துங்கள். மெனு திருத்தத்துக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் கிரப் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டியவரிடம்தான் சாவி இருக்கும்.

### மெனு வருகிறது

முதலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது எழுந்தால் கோளாறு புதிய கெர்னலிலோ அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ இருக்கிறது.

எழவில்லை என்றால் 'இ' தட்டி, நீங்கள் சேர்த்த ஆப்ஷனை அழித்துவிட்டு பூட் செய்யுங்கள். கூடவே 'கொயட்', 'ஸ்ப்ளாஷ்', 'ஆர்ஹெச்ஜிபி' ஆகிய சொற்களையும் எடுத்துவிட்டால் செய்திகள் திரையில் ஓடும். கடைசியாக நின்ற வரிதான் உங்களுக்குத் தேவையான துப்பு. அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

### 'ஃபெயில்டு டு லோட் எஸ்இலினக்ஸ் பாலிசி' என்று நின்றுவிட்டது

எஸ்இலினக்ஸ் கட்டாய நிலையில் (மீறலைத் தடுக்கும் நிலையில்) இருக்கிறது, ஆனால் ஏற்ற வேண்டிய பாலிசி கோப்பு இல்லை அல்லது உடைந்திருக்கிறது. பாலிசி தொகுப்பை அகற்றியது, கான்ஃபிக் கோப்பில் பாலிசியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறெதையோ எழுதியது ஆகிய இரண்டும்தான் வழக்கமான காரணங்கள். 'எஸ்இலினக்ஸ்டைப்=' என்ற வரியில் 'டார்கெட்டட்' என்று இருக்க வேண்டும். அதில் போய் 'டிசேபிள்டு' அல்லது 'பெர்மிசிவ்' என்று எழுதிவிடுவது எளிதில் நேரும் தவறு, ஏனென்றால் இரண்டு வரிகளும் கீழும் மேலுமாக, பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன.

முதலில் 'என்ஃபோர்சிங்=0' கொடுத்து பூட் செய்யுங்கள். எழுந்தால் உள்ளே போய் கோப்பைத் திருத்தி, 'எஸ்இலினக்ஸ்-பாலிசி-டார்கெட்டட்' தொகுப்பை மறுபடி நிறுவுங்கள். எழவில்லை என்றால் மட்டும் 'எஸ்இலினக்ஸ்=0'. அதற்குப் பிறகு கட்டாயம் லேபிளை மறுபடி போட வேண்டும். அடுத்த அறிகுறியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

### எந்த ஆப்ஷனுக்கும் எழவில்லை

லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, மூலப் பகுதியை (ரூட் பார்ட்டிஷனை) மவுன்ட் செய்து, திருத்திய கோப்புகளைப் பழையபடி ஆக்குங்கள். தொலைவில் உள்ள சர்வர் என்றால் ரெஸ்க்யூ நிலை அல்லது சீரியல் கன்சோல் வேண்டும்.

நிறுத்த வேண்டிய இடம்: லைவ் யூஎஸ்பியில் டிஸ்க் பகுதி மவுன்ட் ஆகவே மறுத்தாலோ, உள்ளீடு-வெளியீடு பிழைகள் வந்தாலோ, இது பாதுகாப்பு வசதியின் கோளாறே அல்ல. டிஸ்க் போகிறது. மெஷினை அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: சில நாள் அணைத்து வைத்தேன், திரும்ப இயக்கியதும் லாகின் ஆகவில்லை

எஸ்இலினக்ஸ் பயன்படுத்துபவர்களை அதிகம் அழவைக்கும் கோளாறு இதுதான். 'எஸ்இலினக்ஸ்=0' கொடுப்பதற்குத் தயங்குங்கள் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்பின் மீதும் ஒரு லேபிள் ஒட்டி வைத்திருக்கிறது. 'என்ஃபோர்சிங்=0' கொடுத்தால் அது தடுப்பதை மட்டும் நிறுத்தும். லேபிள் ஒட்டும் வேலை தொடர்ந்து நடக்கும், மீறல்களும் லாகில் பதிவாகும். 'எஸ்இலினக்ஸ்=0' கொடுத்தால் எல்லாமே நிற்கும். அந்த இடைவெளியில் உருவான ஒவ்வொரு கோப்பும் லேபிள் இல்லாமல் கிடக்கும். கடவுச்சொல்லை மாற்றினால் '/ஈடிசி/ஷேடோ' புதிதாக எழுதப்படும், அப்டேட் போட்டால் நூற்றுக்கணக்கான கோப்புகள் புதிதாக எழுதப்படும். கட்டாய நிலை திரும்பியதும் லாகின் செய்யும் புரோகிராமுக்கு அந்தக் கோப்பைப் படிக்க அனுமதி இராது. சரியான கடவுச்சொல்லைத்தான் தட்டுகிறீர்கள், ஆனாலும் உள்ளே விடாது.

ரூட் கடவுச்சொல் மறந்துபோய் 'ஆர்டி.பிரேக்' அல்லது 'இனிட்=/பின்/பாஷ்' வழியாக மாற்றியவர்களுக்கும் இதே கதை. அந்த ஷெல்லில் பாலிசி ஏறியிருக்காது.

செய்ய வேண்டியது இது. 'என்ஃபோர்சிங்=0' கொடுத்து பூட் செய்து உள்ளே வாருங்கள். ஒரே ஒரு கோப்புதான் மாறியது என்று உறுதியாகத் தெரிந்தால் 'ரெஸ்டோர்கான் -வி /ஈடிசி/ஷேடோ' போதும். உறுதியில்லை என்றால் 'ஃபிக்ஸ்ஃபைல்ஸ் -எஃப் ஆன்பூட்' கொடுத்து ரீபூட் செய்யுங்கள். மூல அடைவில் '/.ஆட்டோரீலேபிள்' என்ற வெற்றுக் கோப்பை உருவாக்குவதும், 'ஆட்டோரீலேபிள்=1' என்ற பூட் ஆப்ஷனைக் கொடுப்பதும் இதே வேலையைத்தான் தூண்டும்.

இந்த ரீபூட்டிலும் 'என்ஃபோர்சிங்=0' இருக்கட்டும். நிறையக் கோப்புகள் லேபிள் இல்லாமல் இருக்கும்போது கட்டாய நிலையில் பூட் செய்தால், லேபிள் போடும் கட்டத்துக்கே போய்ச் சேராமல் சிஸ்டம் நடுவில் நின்றுவிடலாம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பது கோப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பல லட்சம் சிறிய கோப்புகள் உள்ள பழைய வட்டில் நீண்ட நேரம் ஒரே திரையில் நிற்கும். தொங்கிவிட்டதாக நினைத்து பவரைத் துண்டிக்காதீர்கள். முடிந்ததும் தானாக ஒருமுறை ரீபூட் ஆகும். அதற்குப் பிறகு 'கெட்என்ஃபோர்ஸ்' என்று கேட்டு, லாகில் புது மீறல்கள் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, 'என்ஃபோர்சிங்=0' ஆப்ஷனை எடுத்துவிடுங்கள்.

ஆப்ஆர்மரில் இந்தத் தொல்லை இல்லை. அது கோப்பின் பாதையைப் பார்த்து முடிவெடுக்கிறது, லேபிளை வட்டில் எழுதுவதில்லை. 'ஆப்ஆர்மர்=0' கொடுத்துவிட்டுப் பிறகு எடுத்தாலும் வட்டில் சரிசெய்ய ஒன்றும் இருக்காது.

## அறிகுறி: ஒரே ஒரு புரோகிராமுக்கு மட்டும் 'பெர்மிஷன் டினைடு'

இதற்காக பூட் ஆப்ஷனைத் தேடி வந்திருந்தால் தயவுசெய்து நில்லுங்கள். ஒரு புரோகிராமுக்காக முழு மெஷினின் பாதுகாப்பையும் கழற்றத் தேவையில்லை.

முதலில் இது பாதுகாப்பு மாட்யூலின் வேலைதானா என்று உறுதி செய்யுங்கள். எஸ்இலினக்ஸ் என்றால் 'செட்என்ஃபோர்ஸ் 0' கொடுத்து மறுபடி முயலுங்கள், ரீபூட் தேவையில்லை. அப்போதும் அதே பிழை வந்தால் சாதாரணக் கோப்பு அனுமதியில்தான் சிக்கல். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 'எல்எஸ் -எல்' பாருங்கள். பிழை போய்விட்டால் 'செட்என்ஃபோர்ஸ் 1' கொடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

### எஸ்இலினக்ஸ்

'ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்' என்று கேட்டால் அண்மையில் தடுத்தவை வரும். அதையே 'ஆடிட்2ஒய்' கட்டளைக்குக் கொடுத்தால் காரணத்தை விளக்கும்.

கோப்பை வேறொரு அடைவிலிருந்து 'எம்வி' செய்து கொண்டுவந்தீர்களா? 'எம்வி' பழைய லேபிளையே சுமந்து வரும், 'சிபி' புதிய அடைவின் லேபிளைப் பெறும். வீட்டு அடைவில் தயாரித்த வலைப்பக்கத்தை '/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ' அடைவுக்கு நகர்த்தியபின் வெப் சர்வர் அதைப் படிக்க மறுப்பது இதனால்தான். 'ரெஸ்டோர்கான் -ஆர்வி' கொடுத்தால் சரியாகிவிடும்.

சேவை வழக்கமில்லாத போர்ட்டில் ஓடுகிறதா? 'செமேனேஜ் போர்ட்' வழியாக அந்த எண்ணைச் சேருங்கள். வெப் சர்வர் வெளியே இணைப்பு எடுக்க வேண்டுமா? அதற்கென்று தயாராக ஒரு பூலியன் (ஆன்-ஆஃப் சுவிட்ச்) இருக்கும். 'கெட்எஸ்இபூல் -ஏ' பட்டியலில் தேடி, 'செட்எஸ்இபூல் -பி' கொடுத்து நிரந்தரமாக்குங்கள்.

லாகில் ஒன்றுமே இல்லை, ஆனால் 'செட்என்ஃபோர்ஸ் 0' கொடுத்தால் மட்டும் வேலை செய்கிறது என்றால், சில தடுப்புகளைப் பதிவு செய்யாதே என்று பாலிசியே சொல்லியிருக்கும். 'செமாட்யூல் -டிபி' அந்த மறைப்பை நீக்கும். பார்த்து முடித்ததும் 'செமாட்யூல் -பி' கொடுத்து மறுபடி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லாக் நிரம்பிக்கொண்டே போகும்.

இவை எதுவும் உடனடியாகக் கைகொடுக்கவில்லை, வேலை நடந்தே ஆக வேண்டும் என்ற நிலையா? 'செமேனேஜ் பெர்மிசிவ் -ஏ ஹெச்டிடிபிடி_டி' என்று அந்த ஒரு டொமைனை (புரோகிராம் ஓடும் எஸ்இலினக்ஸ் வகையை; இங்கே வெப் சர்வருடையது) மட்டும் தளர்த்துங்கள். மற்ற எல்லாமே காவலில் இருக்கும். இவ்வளவு நல்ல வசதி இருந்தும் பலருக்கு இது தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

### ஆப்ஆர்மர்

'டிமெசேஜ்' லாகில் 'ஆப்ஆர்மர்="டினைடு"' என்று தேடுங்கள். அந்த வரியிலேயே எந்த ப்ரொஃபைல், எந்தப் பாதை என்று இருக்கும். 'ஏஏ-கம்ப்ளெயின்' கட்டளையால் அந்த ப்ரொஃபைலை மட்டும் பதிவு நிலைக்கு மாற்றி, புரோகிராமைச் சிறிது நேரம் ஓட்டி, 'ஏஏ-லாக்ப்ரொஃப்' மூலம் விதியைச் சேர்த்து, 'ஏஏ-என்ஃபோர்ஸ்' கொடுத்து மூடுங்கள்.

## அறிகுறி: இயக்க நினைத்தேன், ஆனால் பட்டியலில் ஆப்ஆர்மர் இல்லை

'ஏஏ-ஸ்டேட்டஸ்' மாட்யூல் ஏறவில்லை என்கிறது, 'எல்எஸ்எம்' பட்டியலிலும் பெயர் இல்லை. கான்ஃபிக் கோப்பில் 'செக்யூரிட்டி_ஆப்ஆர்மர்=ஒய்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கெர்னலில் கட்டியிருக்கிறார்கள், ஆனால் தானாக இயங்கும் வரிசையில் சேர்க்கவில்லை. ஆர்ச் லினக்ஸில் இதுதான் வழக்கம்.

இங்கே பலர் 'எல்எஸ்எம்=ஆப்ஆர்மர்' என்று மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். ஆப்ஆர்மர் இயங்கிவிடும், அதனால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் 'எல்எஸ்எம்=' ஏற்கெனவே இருந்த வரிசையோடு சேர்ப்பதில்லை, அந்த வரிசையையே தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது. மற்ற பாதுகாப்பு மாட்யூல்களான யாமா போய்விடும், லேண்ட்லாக் போய்விடும், லாக்டவுன் போய்விடும். ஒன்றை இயக்கி மூன்றை அணைத்த கணக்கு. முதலில் '/சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/எல்எஸ்எம்' தரும் பட்டியலை அப்படியே எடுத்து, 'பிபிஎஃப்' என்ற பெயருக்கு முன்னால் ஆப்ஆர்மரைச் செருகுங்கள்: 'எல்எஸ்எம்=லேண்ட்லாக்,லாக்டவுன்,யாமா,இன்டெக்ரிட்டி,ஆப்ஆர்மர்,பிபிஎஃப்' என்பது போல. 'கேப்பபிலிட்டி' பட்டியலில் எப்போதும் தெரியும். அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

ரீபூட்டுக்குப் பிறகு பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிடுங்கள். ஒரு பெயர் குறைந்தாலும் திரும்பத் திருத்துங்கள்.

## அறிகுறி: டிரைவர் மாட்யூல் ஏற மறுக்கிறது

'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்', 'ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்', அல்லது லாகில் 'லாக்டவுன்' என்று தொடங்கும் வரி வருகிறது.

'மாக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்' கேளுங்கள். செக்யூர் பூட் இயங்குகிறது என்றால் காரணம் அதுதான். '/சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன்' கோப்பில் சதுர அடைப்புக்குள் 'இன்டெக்ரிட்டி' என்று இருப்பதையும் பார்ப்பீர்கள்.

லாக்டவுன் கெர்னல் 5.4 பதிப்பில் வந்தது. அதை பூட்டில் கூட்டலாம், ஓடும்போதும் கூட்டலாம், குறைக்க மட்டும் முடியாது. ஃபெடோரா, டெபியன், உபுண்டு மூன்றும் செக்யூர் பூட்டைக் கண்டதும் தாங்களாகவே அதை இயக்குகின்றன. 'லாக்டவுன்=நன்' என்று கொடுத்துப் பார்ப்பது வீண். ஹைபர்னேட் திடீரென்று வேலை செய்யாமல் போனவர்களும் இதே கோப்பைப் பாருங்கள். லாக்டவுன் இருக்கும்போது கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை.

சரியான தீர்வு, மாட்யூலுக்குக் கையொப்பமிடுவது. சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கி 'மாக்யூட்டில் --இம்போர்ட்' கொடுத்தால் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். ரீபூட்டில் நீலத் திரை வரும், அங்கே 'என்ரோல் மாக்' தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே காத்திருக்கும். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுக் கெர்னலுக்கு டிரைவரைத் தானாக மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் மூலம் வரும் டிரைவர் என்றால், கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அதே சாவியால் கையொப்பமிடும்படி ஒருமுறை அமைத்துவிடுங்கள்.

செக்யூர் பூட்டை ஃபர்ம்வேரில் அணைப்பது கடைசி வழி. அணைத்தால் அதே வட்டில் உள்ள மற்ற இயங்குதளம் குறியாக்க மீட்புச் சாவி கேட்கலாம். அந்தச் சாவி கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

## அறிகுறி: ஆப்ஷன் சேர்த்ததும் டிஸ்க் கடவுச்சொல் கேட்கிறது

வட்டுக் குறியாக்கச் சாவி, சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லில் கட்டப்பட்டு, தானாகத் திறந்துகொண்டிருந்தது. இன்று மட்டும் கேட்கிறது.

கிரப் தான் கெர்னலுக்குக் கொடுக்கும் ஆப்ஷன் வரியை டிபிஎம்மின் பிசிஆர் 8 என்ற பதிவேட்டில் அளந்து வைக்கிறது. ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அளவு மாறும், சில்லு சாவியைத் தராது. சாவியை அந்தப் பதிவேட்டோடு கட்டியிருந்தால் நடப்பது இதுதான். ஆப்ஷனை எடுத்துவிட்டால் தானாகத் திறக்கும். ஆப்ஷன் நிரந்தரமாக வேண்டும் என்றால் மீட்புக் கடவுச்சொல்லால் உள்ளே போய், 'சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல்' போன்ற கருவியால் புதிய அளவோடு மறுபடி கட்டுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: மீட்புக் கடவுச்சொல் உங்களிடம் இல்லை என்றால் ஃபர்ம்வேரில் டிபிஎம்மை அழிக்கும் ஆப்ஷனைத் தொடவே தொடாதீர்கள். அதைச் செய்தால் எவராலும் திறக்க முடியாது. நிறுவன மெஷின் என்றால் மீட்புச் சாவி அவர்களிடம் இருக்க வாய்ப்புண்டு.

## அறிகுறி: வேகத்துக்காக 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' கொடுத்தேன், வேகம் கூடவில்லை

2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் வெளியானபின் வந்த தடுப்புகளை மொத்தமாக அணைக்கும் ஆப்ஷன் இது. கெர்னல் 5.2 முதல் உண்டு. '/சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/வல்னரபிலிட்டீஸ்' அடைவில் உள்ள கோப்புகளைப் படியுங்கள். 'நாட் அஃபெக்டட்' என்று வந்தால் உங்கள் சிபியுவில் அந்த ஓட்டையே இல்லை, அணைப்பதற்கும் ஒன்றும் இல்லை. புதிய சிபியுக்களில் பலவற்றுக்கு இப்படித்தான். பிரவுசர் ஓடும் மெஷினிலும், பிறர் நிரலை ஓட்டும் சர்வரிலும் இதை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: சொந்தமாகக் கட்டிய கெர்னலில் சுவிட்ச் பாதி வேலை செய்கிறது

ஒரு பாதுகாப்பு வசதியை பூட்டில் விருப்பத்துக்கு விடும்படி நீங்களே மாற்றி எழுதியிருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஆப்ஷன் பலிக்கிறது, ஆனாலும் லாகில் 'அன்னோன்' பட்டியலில் வருகிறது: '__செட்டப்' மூலம் பதிவு செய்த செயல்கூறு 0 திருப்பித் தருகிறது. கையாண்டுவிட்டேன் என்று சொல்ல அது 1 தர வேண்டும். 0 என்றால் கெர்னல் அதைத் தெரியாத சொல்லாக எடுத்துக்கொண்டு, தான் தொடங்கும் முதல் புரோகிராமான இனிட்டுக்கு அனுப்பிவிடும்.

ஆப்ஷன் படிக்கப்படுகிறது, ஆனால் வசதி அதற்கு முன்பே எழுந்துவிடுகிறது: மிக ஆரம்பத்தில் இயங்கும் குறியீட்டுக்கு '__செட்டப்' தாமதம். 'எர்லி_பாராம்' பயன்படுத்துங்கள். லாக்டவுனின் சொந்த ஆப்ஷனும் அப்படித்தான் பதிவாகிறது.

பூட் முடிந்தபின்னும் சுவிட்சின் மாறி எழுதக்கூடியதாக இருக்கிறது: இதுதான் ஆபத்தானது. கெர்னல் நினைவகத்தில் ஓர் இடத்தில் எழுதும் வாய்ப்பு தாக்குபவருக்குக் கிடைத்தால், அந்த மாறியை 0 ஆக்கினாலே காவல் முழுக்க விழுந்துவிடும். அதற்கு '__ஆர்ஓ_ஆஃப்டர்_இனிட்' குறி இடுங்கள், பூட் முடிந்ததும் அந்தப் பக்கம் படிக்க மட்டும் என்று ஆகிவிடும். எஸ்இலினக்ஸின் ஓட்ட நேர அணைப்பை அதிகாரப்பூர்வ மூலக் கெர்னலிலிருந்து அகற்றியதற்கும் இந்த வகைக் காரணமே. அந்த வசதி இருந்தவரை, தொடர்புடைய கொக்கிகள் (பாதுகாப்புச் சோதனையை அழைக்கும் இணைப்பிடங்கள்) எழுதக்கூடியவையாகவே இருக்க வேண்டியிருந்தது.

சுவிட்சின் இயல்பு நிலை 'இயங்கு' என்றே இருக்கட்டும். ஆப்ஷனில் புரியாத மதிப்பு வந்தாலும் இயங்கும் பக்கமே விழும்படி எழுதுங்கள். பிறகு நான்கு பூட் செய்து சோதியுங்கள்: ஆப்ஷன் இல்லாமல், 1 கொடுத்து, 0 கொடுத்து, வேண்டுமென்றே தப்பான மதிப்பு கொடுத்து. ஒவ்வொன்றிலும் லாகில் என்ன நிலை என்று ஒரு வரி தெளிவாக வர வேண்டும். அந்த வரி இல்லாத சுவிட்சைப் பிறர் மெஷினுக்கு அனுப்பாதீர்கள். இந்த மாற்றத்தை மூலக் கெர்னலில் சேர்க்க நினைத்தால், 'மெயின்டெய்னர்ஸ்' கோப்பில் அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் யார் என்று பார்த்து, நான்கு பூட் லாகையும் பேட்சோடு சேர்த்து அனுப்புங்கள்.